மாற்றம் இல்லை

அத்தியாயம் 6

துரும்பு சாருக்கு அந்தப் பெயர் உடம்பை வைத்து வந்ததல்ல. உடம்பை வைத்து வந்திருந்தால் வேறு பெயர் வந்திருக்கும். "ஒரே ஒரு துரும்பு கிடைச்சாப் போதும்" என்று எல்லா வழக்கிலும் சொல்லிச் சொல்லி, துப்பறியும் தொழிலுக்கு வந்த இரண்டாவது வருடமே அது அவரோடு ஒட்டிக்கொண்டது. அவருடைய உதவியாளருக்குப் பட்டாசு என்று பெயர் வந்ததற்கு விளக்கம் தேவையில்லை. அவள் வாயைத் திறந்தால் தெரிந்துவிடும்.

இருவரும் பூட்டுக் கம்பெனிக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று. கேட்டில் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த டைம்கீப்பர் கணக்கில் 10.57. ஐம்பது வயது, சவரம் செய்த முகம், மணிக்கட்டில் பெரிய கடிகாரம். கம்பெனியில் அவரை எல்லோரும் நிமிஷம் என்றுதான் கூப்பிட்டார்கள்.

"பதினொண்ணுன்னே போட்டுக்கோங்களேன், என்ன குறைஞ்சு போச்சு?" என்றாள் பட்டாசு.

"மூணு நிமிஷம் குறைஞ்சு போகும்மா" என்றார் அவர், சிரிக்காமல்.

ஆவண அறை மாடியில் இருந்தது. மேனேஜர் வாசலில் நின்று பூட்டைக் காட்டினார். பட்டாசு சும்மா இருக்க முடியாமல் தன் ஸ்கூட்டர் சாவியை அதில் நுழைத்துத் திருகினாள். பூட்டு மரியாதையாகத் திறந்துகொண்டது.

"சார், இது பூட்டுக் கம்பெனிதானே?"

"நல்ல பூட்டெல்லாம் விக்கிறதுக்கு. ஆபீசுக்குத் தேறாத சரக்கு" என்றார் மேனேஜர்.

"இது எந்தெந்தச் சாவிக்குத் திறக்கும்?" என்று கேட்டார் துரும்பு சார்.

"எல்லாச் சாவிக்கும்."

பட்டாசு நோட்டைத் திறந்து, 'சந்தேகத்துக்குரியவர்கள்: எல்லோரும்' என்று எழுதிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். கம்பெனியில் மேனேஜரையும் சேர்த்து நூற்றெண்பது பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு. வீட்டு முகவரி, ரத்த வகை, பிள்ளைகள் எத்தனை, அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது, எல்லாம் அதில் இருக்கும். போன வாரம் மேனேஜர் எதற்கோ ஒரு கோப்பைப் புரட்டியபோது, பழைய முகவரியை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு யாரோ புது முகவரி எழுதியிருந்தார்கள். கையெழுத்து இல்லை, உத்தரவு இல்லை. பக்கத்தில் பொடியாக ஓர் எண் மட்டும்: 12.41. தேடினால் இன்னும் பத்துக் கோப்புகள் அதே மாதிரி. ஒன்றில் 12.36, இன்னொன்றில் 12.52.

"சங்கேத பாஷை" என்றார் மேனேஜர், குரலைத் தாழ்த்தி. "ஆளுங்களோட விவரத்தைப் போட்டிக் கம்பெனிக்கு யாரோ விக்கிறாங்க."

"விக்கிறவன் எடுத்துட்டுல்ல சார் போவான்? இவன் குடுத்துட்டுப் போயிருக்கானே" என்றாள் பட்டாசு.

மேனேஜர் அவளைப் பார்க்கவில்லை. "நாளைக்குத் தொழிலாளர் ஆய்வாளர் வர்றார். கோப்புக்கெல்லாம் பொறுப்பு இவங்க. யார் எழுதினதுன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்குறாங்க. நாலு மணிக்கு நான் கையெழுத்துப் போடப் போறேன்." சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தின் தலையை வெளியே இழுத்துக் காட்டினார். பணிநீக்க உத்தரவு. டைப் அடித்துத் தயாராக இருந்தது.

'இவங்க' என்று அவர் சொன்ன ஃபைல் அக்கா அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். நாற்பத்தாறு வயது. பத்தொன்பது வருடமாக அந்த அறையில் இருக்கிறார். கசங்காத புடவை, காதோரம் பென்சில். 'தோராயமாக' என்ற சொல்லை அவர் அறை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார் என்று கீழே ஒரு ஃபோர்மேன் சொல்லியிருந்தார். வேலை போனால் அவருக்குப் போக்கிடம் கிடையாது என்பதையும் அதே ஃபோர்மேன்தான் சொன்னார்.

"அக்கா, கையெழுத்து யாரோடதுன்னு தெரியுமா?" என்று கேட்டாள் பட்டாசு. "நூத்தெண்பது பேர் கையெழுத்தும் உங்களுக்கு அத்துப்படின்னு சொல்றாங்களே."

"தெரியாதுன்னு நான் சொல்லலையே."

"அப்ப சொல்லுங்க."

"சொல்றதா இல்லை" என்றார் ஃபைல் அக்கா, மிகவும் பணிவாக.

அவர் தயாரித்த அறிக்கையைப் பட்டாசு வாங்கி உரக்கப் படித்தாள். "பார்த்த கோப்புகள் நூற்று எழுபத்தொன்பது. திருத்தம் இருந்தவை பதினொன்று. திருத்தங்கள் சரிதானா என்று ஆட்களைக் கேட்டதில் பத்து சரி. பதினொன்றாவது ஆள் விடுப்பில்." அவள் நிமிர்ந்தாள். "பத்தும் சரியா?"

"முன்னாடி இருந்ததுதான் தப்பு" என்றார் ஃபைல் அக்கா. ஒரு கட்டுத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். ஜனவரி தோறும் எல்லோருக்கும் ஒரு படிவம் போகும்: உங்கள் விவரங்களில் ஏதேனும் மாற்றம் உண்டா? உண்டு என்று எழுதினால் மூன்று பிரதி, ஃபோர்மேன் கையெழுத்து, மேலாளர் கையெழுத்து. அதனால் நூற்றெண்பது பேரும் ஒரே பதிலைத்தான் எழுதுவார்கள். வீடு மாறியவன், கல்யாணம் ஆனவன், மூன்றாவது பிள்ளை பெற்றவன், எல்லோரும் 'மாற்றம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"இந்தக் கம்பெனில காலமே நின்னுபோச்சுக்கா" என்றாள் பட்டாசு.

துரும்பு சார் பதினொன்றாவது கோப்பைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். மெருகுப் பிரிவில் வேலை பார்க்கும் ஓர் இளைஞனுடையது. பாலிஷ் என்று கூப்பிடுவார்கள். தந்தை என்ற கட்டத்தில் பெயரை அடித்து, 'காலமானார்' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் 12.48.

"இந்தப் பையன் எங்கே?"

"லீவு" என்றார் மேனேஜர். "அப்பாவோட முதல் வருஷ நினைவு நாள்."

துரும்பு சார் கோப்பை மூடினார். "துக்கம் கேட்டுட்டு வந்துடலாம்."

*

பாலிஷின் வீட்டு வாசலில் பட்டாசு முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு பழகிப் பார்த்தாள். அது அவள் முகத்துக்குப் பழக்கமில்லாத வேலை. கதவைத் திறந்தவருக்கு அறுபது வயதிருக்கும். ஒரு கையில் திருப்புளி. அவருக்குப் பின்னால் மேசையில் மின்விசிறி ஒன்று உறுப்பு உறுப்பாகக் கழற்றிப் பரப்பப்பட்டிருந்தது.

"கம்பெனிலேர்ந்து வர்றோம்யா" என்றாள் பட்டாசு. "ரொம்ப நல்ல மனுஷர்னு கேள்விப்பட்டோம். படம் எங்க மாட்டியிருக்கீங்க?"

"யார் படம்?"

"பாலிஷோட அப்பா படம்."

"நான்தாம்மா பாலிஷோட அப்பா."

துரும்பு சார் இருமினார். பிறகு, இதை நாசூக்காகச் சொல்ல வழியில்லை என்று முடிவு செய்தவராக, "கோப்புல நீங்க தவறிட்டதா இருக்குங்க" என்றார்.

பெரியவர் கோபப்படவில்லை. திருப்புளியைக் கீழே வைத்தார். "எப்போ?"

"போன வருஷம் இதே தேதி."

"எதுல?"

"அது எழுதலைங்க. மாரடைப்பா இருக்கலாம்" என்றாள் பட்டாசு.

"என் இதயத்தைப் பத்தி எந்த டாக்டரும் ஒரு குறை சொன்னதில்லையே. முழங்கால்னாக்கூட ஒத்துக்கலாம்." அவர் யோசித்தார். "போன வருஷம் இதே சமயம் இவன் கூட்டாளிங்களோட மலை ஏறப் போனான். கம்பெனி அனுப்புதுன்னான். இன்னைக்கும் ஓவர்டைம்னு சொல்லிட்டுத்தான் போயிருக்கான்."

"திரும்ப ஏறப் போயிருப்பார்ங்க" என்றார் துரும்பு சார்.

"நான் செத்ததுக்கு அங்க யாராவது வருத்தப்பட்டாங்களா?"

"அதுக்குக் கோப்புல கட்டம் இல்லைங்கய்யா" என்றாள் பட்டாசு.

பெரியவர் தலையாட்டிக்கொண்டு மின்விசிறியிடம் திரும்பினார். "ராத்திரி வரட்டும். ஆவி எப்படி அறையும்னு காட்டறேன்."

ஸ்கூட்டரின் பின்னால் துரும்பு சார் ஏறியதும் வண்டி ஒரு முறை முனகியது. அவர் முகத்தில் பரம திருப்தி.

"பத்து நிஜம், ஒண்ணு பொய்" என்றார். "பத்து நிஜத்தால ஒரு பிரயோஜனமும் இல்லை, பட்டாசு. நிஜம் ஊருக்கே தெரியும். இந்தப் பொய் எத்தனை பேருக்குத் தெரியும்?"

"கம்பெனி பூரா தெரிஞ்சிருக்கும். அவனே சொல்லியிருப்பான்."

"வாயால சொல்லியிருந்தா கூட வேலை செய்றவங்க வேனை எடுத்துட்டு வீட்டுக்கே வந்திருப்பாங்க. வந்திருந்தா அந்த மனுஷனே கதவைத் திறந்திருப்பார். வாயால சொல்லலை. எழுதியிருக்கான். எங்கே எழுதியிருப்பான்?"

பட்டாசு பிரேக் போட்டாள். "லீவு லெட்டர்!"

"வண்டியை ஓட்டு. வீடு மாத்துறேன், ஒரு நாள் லீவு. மனைவிக்குப் பிரசவம், மூணு நாள் லீவு. ஆஸ்பத்திரில ஓ பாசிட்டிவ் ரத்தம் குடுக்கணும், அரை நாள் லீவு. பதினொரு திருத்தமும் லீவு லெட்டர்லேர்ந்து எடுத்தது. எழுதின ஆள் லீவு லெட்டரெல்லாம் படிக்கிற ஆள். அதுக்கும் மேல, படிச்சதை அப்படியே நம்புற ஆள்."

"லீவு லெட்டரை நம்புற ஆள் ஒருத்தர் உலகத்துல இருக்காரா?"

"அதான் கண்டுபிடிக்கிறது சுலபம்."

"லீவு குடுக்கிறது மேனேஜர்தானே. அவரா?"

"அவர் படிக்கிறதில்லை. காலையில அவர் மேசையில ஒண்ணைப் பார்த்தேன். 'மேனேஜரால் தலைவலி, இரண்டு நாள் விடுப்பு வேண்டும்'னு ஒருத்தன் எழுதியிருக்கான். 'அனுமதிக்கப்பட்டது'ன்னு கையெழுத்துப் போட்டிருக்கார்."

பட்டாசு சிரித்து முடிக்க ஒரு தெரு ஆயிற்று. அதற்குள் அந்தச் சங்கேத எண்கள் அவள் நினைவுக்கு வந்தன. 12.36. 12.41. 12.48. 12.52. எதுவும் ஐம்பத்தொன்பதைத் தாண்டவில்லை. ஃபைல் அக்கா பன்னிரண்டரைக்குச் சாப்பிடப் போய் ஒரு மணிக்குத் திரும்புவார். ஒரு சொல் எழுதினாலும் பக்கத்தில் நிமிஷத்தைக் குறிக்காமல் இருக்க முடியாத மனிதர் ஒருவர்தான் அந்தக் கம்பெனியில் உண்டு. மேனேஜர் கையெழுத்துப் போட்ட லீவு லெட்டர் எல்லாம் வருகைப் பதிவேட்டில் ஏற்றுவதற்காக அவர் கூண்டுக்குத்தான் போகும்.

கேட்டில் வண்டியை நிறுத்தினார்கள். நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்து எழுதினார்: 3.38.

"அண்ணே," என்றாள் பட்டாசு மெதுவாக, "மாடிக்குக் கொஞ்சம் வர்றீங்களா?"

அவர் பேனாவை மூடினார். "வர்றேம்மா. நாலு மணிக்குள்ள நானே வரணும்னுதான் இருந்தேன்."

*

ஆவண அறையில் ஐந்து பேர் நிற்க இடம் போதவில்லை. ஃபைல் அக்கா நிமிஷத்தைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான்தான் எழுதினேன். இவங்களுக்கு இதுல ஒரு சம்பந்தமும் இல்லை" என்றார் நிமிஷம்.

"ஏன்?" மேனேஜர் கத்தினார். "உங்களுக்கு இங்க என்ன வேலை?"

"மூணு மாசம் முன்னாடி கேட்லயே மயங்கி விழுந்தேன் சார். என் கோப்பைப் பார்த்து, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்னு தேடி, என் மனைவி நம்பருக்குப் போட்டாங்க." அவர் நிறுத்தினார். "அவ போயி ஆறு வருஷம் ஆச்சு. அந்த ஃபோனை நான்தான் சட்டைப் பையில வச்சிருக்கேன். அதான் அடிச்சுது. மயக்கத்துலயே எடுத்து ஹலோன்னேன். 'உங்க வீட்டுக்காரர் விழுந்துட்டார், சீக்கிரம் வாங்கம்மா'ன்னாங்க."

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் பட்டாசு நமுத்துப் போய் நின்றாள்.

"ஆறு வருஷமும் மாற்றம் இல்லைன்னுதான் எழுதிக் குடுத்தேன். எழுத மனசு வரலை. சரி, என் கதை போகட்டும், மத்தவங்களுக்கு இப்படி ஆகக் கூடாதேன்னு நினைச்சேன். இவங்ககிட்டக் கேட்டேன். ஃபாரம் இல்லாம பேனா வைக்க மாட்டேன்னாங்க. அது சட்டப்படி சரிதான். அதான் இவங்க சாப்பிடப் போற நேரமா பார்த்து வந்தேன்."

"பாலிஷோட அப்பா சாகலைங்க" என்றார் துரும்பு சார். "ஃபேன் ரிப்பேர் பண்ணிட்டிருக்கார்."

நிமிஷத்தின் முகம் அப்படியே மலர்ந்தது. "நல்லா இருக்காரா? நான் வருஷம் பூரா அந்தப் பையனைப் பார்க்கிறப்பல்லாம் வருத்தப்பட்டேனே!"

மேனேஜர் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். "ரொம்ப நல்லது. இன்னொரு கடிதம் டைப் அடிக்கச் சொல்றேன். எழுதினவர் ஒருத்தர், தெரிஞ்சும் மறைச்சவங்க ஒருத்தர். ரெண்டு பேரும் கிளம்பலாம்." பேனாவைத் திறந்தார். மணி நாலுக்கு ஆறு நிமிடம்.

ஃபைல் அக்கா காதோரத்துப் பென்சிலை எடுத்து மேசை டிராயருக்குள் வைத்தார். பத்தொன்பது வருடத்தில் வேலை நேரத்தில் அந்தப் பென்சில் அங்கிருந்து இறங்கியதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று பட்டாசுக்குத் தோன்றியது. பாவமாக இருந்தது.

"ஒரு நிமிஷம்" என்றார் துரும்பு சார்.

"சொல்லுங்க" என்றார் நிமிஷம், பழக்க தோஷத்தில்.

"உங்களை இல்லைங்க. அம்மா, மேனேஜர் சாரோட கோப்பைக் கொஞ்சம் எடுங்க."

ஃபைல் அக்கா தேடவேயில்லை. இரண்டாவது அலமாரி, மூன்றாவது தட்டு, கை நேராகப் போய் எடுத்து வந்தது. துரும்பு சார் அதைப் பிரித்து ஆற அமரப் படித்தார்.

"பதவி, உதவி மேலாளர்."

"அது பழசு" என்றார் மேனேஜர். "நான் மேனேஜராகி எட்டு வருஷமாச்சு."

"எட்டு ஜனவரி." துரும்பு சார் தாள்களை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். "மாற்றம் இல்லை. மாற்றம் இல்லை. மாற்றம் இல்லை. எட்டும் உங்க கையெழுத்துதான். ரொம்ப அழகான கையெழுத்து."

மேனேஜரின் பேனா காற்றில் நின்றது.

"நாளைக்கு ஆய்வாளர் வர்றார்னீங்க. கோப்புப்படி இங்க மேலாளரே கிடையாது. ஒரு உதவி மேலாளர் இருக்கார். அவருக்கு யாரையும் வேலையை விட்டு எடுக்க அதிகாரம் இல்லை. எட்டு வருஷமா மேலாளர்னு அவர் போட்ட கையெழுத்தெல்லாம் என்னன்னு ஆய்வாளர் கேட்டா, அதுக்கு நான் பதில் சொல்ல முடியாது."

"திருத்தின பதினொண்ணுல இவரோடது இல்லாம போச்சே" என்றாள் பட்டாசு, சுதாரித்துக்கொண்டு. "நீங்க ஒரு நாளாவது லீவு போட்டிருக்கணும் சார்."

மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது. "அந்த ஃபாரம் இருக்கா?"

ஃபைல் அக்கா டிராயரைத் திறந்தார். முதலில் பென்சிலை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார். பிறகுதான் ஃபாரத்தை எடுத்தார். "மூணு பிரதி. கடைசியில மேலாளர் கையெழுத்து வேணும்."

"நான்தானே மேலாளர்!"

"ஃபாரம் ஏறினதுக்கப்புறம்."

மேனேஜர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். ஃபைல் அக்கா மனமிரங்கினார். "முதலாளி போட்டாலும் செல்லும். அந்தப் பதினொரு பேருக்கும் நான் இப்பவே ஃபாரம் குடுத்தனுப்பறேன். காலையில எல்லாம் சரியா இருக்கும். இந்தக் கடிதத்தை எந்தக் கோப்புல சேர்க்கட்டும்?"

மேனேஜர் கடிதத்தை நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, மூன்று பிரதிகளோடு முதலாளியைத் தேடிப் போனார்.

*

கேட்டைத் தாண்டும்போதுதான் பட்டாசுக்கு அது உறைத்தது.

"சார். கம்பெனில நூத்தெண்பது பேர். அக்கா பார்த்த கோப்பு நூத்தி எழுபத்தொன்பது."

"ம்."

"அவங்களுக்குக் கணக்குத் தப்பாது. பொய்யும் எழுத வராது. அப்ப ஒரு கோப்பை நம்மகிட்ட காட்டவே இல்லை. பன்னிரண்டாவதா ஒண்ணு இருக்கு சார்!"

"காலையிலயே பார்த்தேன்."

"ஒரு துரும்பைக்கூட விட மாட்டேன்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரியறீங்க?"

"அது துரும்பு இல்லை, பட்டாசு" என்றார் அவர். "அவங்க சொந்தக் கோப்பு. உன் ஹெல்மெட் எங்கே?"

ஹெல்மெட் மாடியில் இருந்தது. பட்டாசு ஏறிப் போனாள். ஆவண அறைக் கதவு பாதி திறந்திருந்தது. மேசையில் ஒரே ஒரு கோப்பு. ஒரு பக்கம் ஃபைல் அக்கா, எதிர்ப்பக்கம் நிமிஷம். பட்டாசு வாசலிலேயே நின்றுவிட்டாள். ஒட்டுக்கேட்பது அவள் தொழில் என்பதால் அதில் அவளுக்கு வெட்கமில்லை.

"எங்கம்மா பேரை அடிச்சிருக்கீங்க" என்றார் ஃபைல் அக்கா.

"நாலு வருஷம் முன்னாடி அம்மா தவறிட்டாங்கன்னு லீவு எழுதினீங்க."

"அதுக்கப்புறம் நாலு ஜனவரியும் நானும்தான் மாற்றம் இல்லைன்னு எழுதினேன். வேற யாரை எழுதறது?"

நிமிஷம் கோப்பின் ஓரத்தை விரலால் நேராக்கினார்.

"அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர்னு உங்க நம்பரை எழுதியிருக்கீங்க. பக்கத்துல பன்னிரண்டு ஐம்பத்தொம்பது. மத்ததெல்லாம் ஆளுக்கு ஏழு நிமிஷத்துக்குள்ள முடிச்சிருக்கீங்க. ஒரு நம்பர் எழுத அரை மணி நேரமா?"

"நம்பர் உடனே எழுதிட்டேங்க. உறவு முறைன்னு ஒரு கட்டம் இருக்கே. அங்கதான் நின்னுட்டேன். அதுக்குள்ள உங்க செருப்புச் சத்தம் கேட்டுச்சு."

"அது இன்னும் காலியாத்தான் இருக்கு."

"அழிச்சிடுங்க. தப்புதான்."

"அழிக்கணும்னா என்னைக்கோ அழிச்சிருப்பேன்." ஃபைல் அக்கா காதோரத்துப் பென்சிலை எடுத்து, ஃபாரம் மூன்றோடு சேர்த்து அவர் பக்கம் நகர்த்தினார். குரல் அலுவலகக் குரலாகவே இருந்தது. கழுத்து மட்டும் சிவந்திருந்தது. "கட்டம் காலியா இருந்தா நான் ஏத்துக்க மாட்டேன். யோசிச்சு எழுதுங்க. மூணு பிரதி."

நிமிஷம் பென்சிலைக் கையில் எடுத்தார். நெடுநேரம் அந்தக் கட்டத்தையே பார்த்தார். பிறகு, முதலில் எழுத வேண்டியதை முதலில் எழுதுவோம் என்று கடிகாரத்தைப் பார்த்து, ஓரத்தில் 4.12 என்று குறித்தார்.

பட்டாசு ஹெல்மெட் இல்லாமலே படியிறங்கினாள்.